எந்த மெயின்?

குழாய் வேலைக்கும் கரண்டு வேலைக்கும் ஒரே பைதான். அதில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் மூன்றும் ஒன்றாக இருந்தன.

ஒரு வீட்டுக் குளியலறையில் ஸ்பேனர், "மெயினை நிறுத்தியாச்சு அக்கா!" என்று கத்தியது. அதை நம்பி, கட்டிங் பிளேயர் ஹீட்டர் வயரைக் கடிக்க வாயைத் திறந்தது.

டெஸ்டருக்குப் பேசவே கூச்சம். ஆனாலும் வயரின் செம்பு முனையைத் தொட்டுப் பார்த்தது. அதன் வயிற்றுக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

"கடிக்காதீங்க அக்கா! கரண்டு இருக்கு!"

கடித்திருந்தால் பிளேயரின் பல் கருகியிருக்கும்.

"எந்த மெயினைடா நிறுத்தினே?" என்று பிளேயர் ஸ்பேனரைக் கேட்டது.

"தண்ணி மெயின். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே," என்று ஸ்பேனர் அழுதது.

"அழாதேடா. எனக்கும் கரண்டு மெயின் ஒண்ணுதான் தெரியும்," என்ற பிளேயர் டெஸ்டரிடம் திரும்பியது. "ஏன் தங்கம், இவ்வளவு நல்ல குரலை எங்க வச்சிருந்தே?"