தெருப் பெயருக்கு ஒரு மார்க்

“மேடம், தப்பான பதிலுக்கு மார்க் போட்டிருக்கீங்க!”

சத்யப்ரியா விடைத்தாளைத் தூக்கிக் காட்டினாள். ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் அநியாயம் என்று பட்டுவிட்டால் விடமாட்டாள்.

டாக்டர் எஸ்தர் நிமிரவில்லை. “மெதுவா பேசும்மா. அவங்க எதிர்லயே இருக்காங்க.”

எதிரே காசிநாதன். பக்கவாதம் வந்து ஞாபகம் குழம்பியவர். ஒரு வருஷமாக ஏனாத்தூரில் இருக்கும் இந்த ஆராய்ச்சி மையத்துக்கு வந்து எஸ்தரிடம் நினைவுப் பயிற்சி எடுக்கிறார். பக்கத்து நாற்காலியில் அவருடைய பட்டுக்கடை முதலாளி சபாபதி.

“இருபத்திரண்டு வருஷமா என் கடைல சேல்ஸ்மேன் டாக்டரம்மா. எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த பார்டர் எடுத்தாங்கன்னு இவனைக் கேட்டாப் போதும். ஞாபகம் சரியா இருக்குதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. நாளைக்கே சேர்த்துக்கறேன்.”

“எல்லாம் இருக்குது மொதலாளி” என்றார் காசிநாதன், அவசரமாக.

முப்பதுக்கு இருபத்துநாலு எடுத்தால் பாஸ். எஸ்தர் போட்டிருந்தது சரியாக இருபத்துநாலு.

“ஏழாவது கேள்வி. உங்க வீடு எந்தத் தெரு? ஐயம்பேட்டை நடுத்தெருன்னு சொல்றார். ஒரு வருஷத்துத் தாள் எல்லாத்துலயும் இதையேதான் சொல்லியிருக்கார். இன்னைக்குத்தான் ஆதாரோட ஒத்துப் பார்த்தேன். தப்பு!”

“விட்டுடு சத்யா.”

“எப்படி மேடம் விடறது? அடிபட்ட மூளையும் புதுசா வழி போட்டுக்கும்னு பதினெட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க நீங்க. உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் நான் இங்க வந்து சேர்ந்தேன். நீங்களே ஒரு மார்க்குக்காக டேட்டாவைத் திருத்தினா, அப்புறம் எதைத்தான் நம்பறது?”

எஸ்தர் எழுந்தேவிட்டார். “வா, வெளியில போய்ப் பேசலாம்.”

“எதுக்கு மேடம்? நியாயத்தை யார் முன்னாடி வேணா பேசலாம்.”

காசிநாதன் கும்பிட்டார். ஒரு கைதான் மேலே வந்தது. “மறதிதாம்மா எனக்கு. ஃபெயில்னே போட்டுடு. விட்டுடும்மா.”

சத்யப்ரியாவுக்குப் பாவமாகப் போயிற்று. “அட, அதுக்கு ஏன் பயப்படறீங்க? நான் ஞாபகப்படுத்தறேன். அடுத்த தடவை நீங்களே கரெக்டா சொல்லி மார்க் வாங்கிடுவீங்க.”

ஆதார் நகலை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“காசிநாதன். மேட்டுக் காலனி. தாமல்.”

சபாபதி கையை நீட்டி நகலை வாங்கிப் பார்த்தார்.

“காலனியா?”

காசிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் அம்மனுக்குச் சாத்தற புடவையை இவன் கையாலதானே மடிச்சுத் தட்டுல வச்சேன்...” சபாபதி எழுந்து நின்று சட்டையை உதறிக்கொண்டார். “ரிப்போர்ட்டெல்லாம் வேணாம் டாக்டர். நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

வெளியே கார் கிளம்பிற்று. காசிநாதன் அந்தக் காரில்தான் வந்திருந்தார்.

“ஷேர் ஆட்டோ வாசல்ல நிக்குமாம்மா?” என்று சத்யப்ரியாவையே கேட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார்.

அவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். “மறந்துட்டார்னுதானே மேடம் நான்...”

எஸ்தர் விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் மார்க் போட்டது ஞாபகத்துக்குத்தான் சத்யா. பக்கவாதம் வந்தப்போ பொண்டாட்டி பேரையே மறந்துட்டவர், இந்த ஒரு பொய்யை மட்டும் ஒருநாள்கூட மறக்கலை.”