பாதிக் காது யானைக்குட்டி

ஜீப் பச்சை. பால் போத்தல் மூன்று. குட்டியின் காதில் பாதி இல்லை.

மிசிசாகாவில் அந்தக் குடிவரவு அலுவலகத்து நாற்காலியில் இருந்தபடி, வினோதன் பாடத்தை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். சோதனைக்குப் போகிற பிள்ளைகூட இப்படிப் பாடமாக்கியிராது.

கஜனி உள்ளே போய் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அவளுடைய அகதி வழக்கு ஏற்கனவே தோற்றாயிற்று. வதிவுரிமை பெற்ற வினோதனின் உண்மையான மனைவிதான் அவள் என்று உள்ளே இருக்கிற அதிகாரி நம்பினால் கனடா. நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம்.

"ரெண்டு பேற்றை பதிலும் அச்சொட்டாப் பொருந்த வேணும்," என்று இக்னேசியஸ் அண்ணை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பார்க்டேலில் அவர்கள் இருக்கும் கட்டிடத்தில் யாருக்கு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவர்தான். ஒரு சதம் வாங்க மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

ஆறு நாள் பின்னேரம் இருவரையும் எதிரெதிரே இருத்தி, தன் குறிப்புக் கொப்பியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். பிழைத்த இடங்களைத் திருத்தினார். "உப்பிடி ஒரு கதை இதுவரைக்கும் என்ரை கையிலை கிடைக்கேல்லை," என்று, போன வருடம் பாரம் நிரப்பிய அன்றே அவர் மெச்சியிருந்தார்.

கதவு திறந்தது. கஜனி கண் சிவக்க வெளியே வந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவளை மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்து வினோதனைக் கூப்பிட்டார்கள். உள்ளே அதிகாரி றோஸ்மேரி இருந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்கிற கிளடிஸ் அன்ரி.

"கலியாணப் படங்கள் எங்கை எண்டு கேக்கிறா."

"கமராவிலை பிலிம் சுத்துப்படேல்லை, அன்ரி. கழுவக் குடுத்தால் ஒரு படமும் விழேல்லை."

றோஸ்மேரி தலையை நிமிர்த்தாமலே எழுதினாள்.

"கலியாணம் முடிஞ்சு எங்கையாவது போனனீங்களோ?"

இதற்காகத்தானே ஆறு நாள் பாடு. அவன் ஒரே மூச்சில் ஒப்புவித்தான். தொண்ணூற்றைந்து மாசி மாதம், கொழும்பில் பதிவு முடிந்த மூன்றாம் நாள். ஒரே நாளில் போய்த் திரும்பும் வான் பயணம். காலையில் பச்சை ஜீப்பில் காட்டுக்குள் போய் மிருகங்கள் பார்த்தது. பின்னேரம், தாய் இல்லாத யானைக்குட்டிகளை வைத்து வளர்க்கும் அநாதை இல்லம்.

"அங்கை கஜனி ஒரு குட்டிக்குப் போத்திலிலை பால் பருக்கினவ. அதுக்கு ஒரு காதிலை பாதி இல்லை."

"இடது காதோ எண்டு கேக்கிறா."

வினோதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கஜனி பிசகாமல் சொல்லியிருக்கிறாள். "ஓம், இடது காது. மூண்டு போத்தில் குடிச்சது."

றோஸ்மேரி பேனையை வைத்துவிட்டு, முதல் தடவையாக அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"பாடமாக்கினதை விட்டிட்டு, அண்டைக்கு உம்மடை மனசிலை நிண்டது என்னவெண்டு சொல்லட்டாம்."

அவன் பாடமாக்கியது உண்மைதான். ஆனால் கொப்பியில் இருந்தது இக்னேசியஸ் அண்ணையின் கற்பனை இல்லை. வினோதன் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. சொந்த மனைவியோடு போன நாளையே பயம் இப்படிப் பாடமாக்க வைத்துவிட்டது.

"குட்டி மூண்டாவது போத்திலும் முடிய, வெறும் போத்திலை விடாமல் இழுத்துது," என்றான். "இவவின்ரை அம்மா ஷெல்லடியிலை செத்தவ. செத்தவீட்டிலைகூட இவ அழேல்லையாம். அண்டைக்கு அந்தக் குட்டியின்ரை கழுத்தைக் கட்டிப்பிடிச்சு, உனக்கும் ஒருத்தரும் இல்லையோ எண்டு கேட்டுக் கேட்டு அழுதவ. என்னாலை பிடிச்சு நிப்பாட்ட ஏலாமல் போச்சு. பதிவு எழுதினது ஒரு நாள், அன்ரி. ஆனால் இவ என்ரை மனிசி எண்டு எனக்கு விளங்கினது அண்டைக்குத்தான்."

இதை அவன் வேறு எவரிடமும் சொன்னதில்லை. பாரம் நிரப்பிய அன்று இக்னேசியஸ் அண்ணையிடம் மட்டும் சொன்னான். அவருக்கும் கண் கலங்கியது, ஆனால் எழுதுகிற கை நிற்கவில்லை.

கிளடிஸ் அன்ரி மெல்ல மெல்ல மொழிபெயர்த்து முடித்தா.

"அன்ரி, கஜனியும் இதைச் சொன்னவவோ?"

"ஓம் தம்பி. அச்சொட்டா இதைத்தான் சொன்னவ."

வினோதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கும்பிடாத தெய்வமெல்லாம் நினைவுக்கு வந்தது. கஜனியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது வரைக்கும் மனம் ஓடிவிட்டது.

அவன் கையை எடுத்தபோது, றோஸ்மேரி அலுமாரியில் இருந்து சில கோப்புகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அவன் முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கஜனியின் கோப்பையும் அவற்றின்மேல் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

கிளடிஸ் அன்ரி மேசையைப் பார்த்தபடி சொன்னா:

"இந்த வருசம் அந்தக் குட்டியைக் கட்டிப்பிடிச்சு அழுத ஆறாவது மனிசி இவவாம், தம்பி."