வெள்ளிக் காது

“கண்ணு, கை, காலு, வயிறு எல்லாம் இருக்குக்கா. தொண்டைய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றான் மாதா கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் உறுப்பு வடிவக் காணிக்கை விற்பவன். நேர்ச்சை செலுத்த வந்த ரெஜினாள் நின்று யோசித்தாள். ஊர்க் கோயிலின் பாடகி அவள். தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்தபின் குரலென்று மிஞ்சியது ஒரு முணுமுணுப்புதான். அப்போது விடுப்பில் வந்திருந்த, கப்பலில் வேலை பார்க்கும் கணவன், “பிரேசில்ல பெரிய பாட்டுக்காரங்களே காதுல குசுகுசுன்னு சொல்லுத மாதிரிதான் பாடுதாங்க. நீயும் பாடேன்” என்று கிதாரை எடுத்தான். அந்தப் பாணியில் ஊர்க் கோயிலில் மாதா பாட்டைப் பாடினாள். முதல் பூசையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, சித்திரைப் புழுக்கத்தில், சனமே எழுந்து மின்விசிறிகளை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டது.

“அப்ப காது ஒண்ணு குடு தம்பி.”

“காதுல என்ன கோளாறுக்கா?”

“எனக்கில்ல, எங்க ஊருக்கு. நல்லாத்தான் கேக்குது.”

உள்ளே மாதாவின் காலடியில் காதை வைத்து, அதன்மேல் குனிந்து ஒரு வரி பாடினாள். பின்னால் வரிசை நீண்டு நின்றது. யாரும் நெருக்கவில்லை. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது.