ஏழாம் நம்பர் சட்டை

வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் கூரங் ஃபுட்பால் கிளப்பின் தேர்வு அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தேர்வுக்குழுத் தலைவி நோரீனும் கோச் டாரனும் மட்டும். அந்த அறையில் யார் பெயரையும் சொல்லக்கூடாது, நம்பர்தான். வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே வரக்கூடாது என்று நோரீன் போட்ட சட்டம்.

“ஏழாம் நம்பரைத் தூக்கிடலாம்” என்றான் டாரன்.

நோரீன் நிமிர்ந்தாள். “என்னப்பா சொல்றே? சனிக்கிழமை அவனுக்கு முன்னூறாவது மேட்ச். மைதானத்துக்குள்ள நுழையும்போது அவன் கிழிச்சுக்கிட்டு ஓடி வர காகித பேனர்கூட ரெடி.”

“இருக்கட்டுமே. போன வாரம் அவன் பார்த்துக்க வேண்டிய ஆளுதான் நாலு கோல் அடிச்சான்.”

“அனுபவம்னு ஒண்ணு இருக்கே!”

“அனுபவம் ஓடாது நோரீன். அவனுக்குக் கால் போயிடுச்சு, வாய்தான் மிச்சம். ஆள் இல்லாம பேக்கரிக்காரரைக் கெஞ்சி இறக்கினோமே, அந்த வருஷம்னா சரி. இப்ப ரெண்டாவது டீம்ல மூணு பேர் துடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதுல முப்பத்தொண்ணாம் நம்பரை இறக்குங்க.”

“கல்நெஞ்சுக்காரன்டா நீ.” அணிப் பலகையில் ஒட்டியிருந்த ஏழாம் நம்பர் காந்தத்தைப் பிடுங்கினாள் நோரீன். “சரி, அவன் பொண்டாட்டிகிட்ட யார் சொல்றது? ராப்பகலா உட்கார்ந்து பேனருக்கு பெயிண்ட் அடிச்சதே அவதான்.”

அதுவரை கறாராகப் பேசிய டாரன் தலையைச் சொறிந்தான். தன் பையைத் திறந்து, சேறு காயாத ஏழாம் நம்பர் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“இனிமே கோச்சா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்னு கத்துறேன், அதுக்கு வாய் போதும். ஆனா நீங்களும் ஒரு எட்டு என் வீட்டுக்கு வாங்க நோரீன். தனியாப் போய் அவகிட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.”