கமலாட்சியின் விசைப்பலகை

அன்று காலை கடையில் நாலு பேர். முதலாளி சிவராசா. பதின்மூன்று வருடமாக அங்கே தட்டச்சு செய்கிற கமலாட்சி. வேலைக்கு வந்து எட்டு மாதமான யதுர்ஷிகா. காணிக் கடிதம் அடிக்க முல்லைத்தீவிலிருந்து வந்த ஜவாஹிர் நானா.

தட்டச்சுக் கதிரை இரண்டு. நாளையிலிருந்து ஒன்றுதான்.

கிளிநொச்சியில் இப்போது பாதிப் பேர் கைபேசியிலேயே எழுதிவிடுகிறார்கள். வருகிற கொஞ்ச வேலையையும் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து மின்னஞ்சலில் விட்டால், போய்ச் சேருகிற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுகிறது. மூன்று கடிதம் அப்படித் திரும்பி வந்த பிறகு, ஒரு மாதத்துக்கு முன் சிவராசா சொன்னார்:

"இனித் தமிழ்99 விசைப்பலகைதான். ஒரு மாதத் தவணை. பிறகு ஒரே கடிதத்தை ரெண்டு பேரும் அடியுங்கோ. ஆர் கெதியா முடிக்கிறியளோ, அவைக்குத்தான் கதிரை."

யதுர்ஷிகா அதைக் கணினி வகுப்பிலேயே படித்தவள். தகப்பன் ஆண்டியப்பன் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து படுத்த பிறகு வீட்டில் உழைக்கிற ஒரே ஆள் அவள்தான். கமலாட்சிக்குப் பாமினிதான் விரலில் ஊறியது.

அதனால் சிவராசா ஒரு வேலை பார்த்தார். விசைகளில் ஒட்டுகிற ஸ்டிக்கர் தாள் ஒன்று வாங்கி, யதுர்ஷிகா வருமுன் கமலாட்சியிடம் நீட்டினார். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

"இதை ஒட்டிப் பழகுங்கோ. அவளுக்குச் சொல்லாதேங்கோ."

"கள்ளப் பரீட்சையோ அண்ணை?"

சிவராசா தாளை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். மனைவி போன பிறகு, நாளில் அவர் வாய் திறந்து கதைப்பது பத்தரை மணிக்குப் பால் விடாத பிளேன்ரீயோடு மட்டும்தான். அதுவும் கமலாட்சியோடு. கமலாட்சிக்கும் வீட்டில் வானொலியைத் தவிர வேறு குரல் இல்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மறுநாளே கமலாட்சி கடைப் பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கினார். தினமும் ஏழு மணிக்கே வந்தார். பழகத்தான் வருகிறார் என்று சிவராசாவுக்கு நிம்மதி.

அன்றோடு தவணை முடிந்தது.

"ஒரு கடிதத்துக்கு ரெண்டு பேரா? என்ட காணிக்கு இவ்வளவு மரியாதை ஒரு நாளும் கிடைச்சதில்ல," என்றார் ஜவாஹிர் நானா.

இருவரும் தொடங்கினார்கள். சிவராசா சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே இருந்துகொண்டார்.

பதினாறாவது நிமிடம் யதுர்ஷிகா முடித்தாள்.

கமலாட்சி நன்றாகக் குனிந்திருந்தார். ஒற்றை விரல் விசைகளுக்கு மேல் அலைந்துகொண்டிருந்தது.

இருபது. முப்பது.

"தங்கச்சி, பின்னேர பஸ்ஸுக்காவது என்னை விட்டாப் போதும்."

"கொஞ்சம் பொறுங்கோ நானா. இந்த 'ழ' எங்கேயோ ஒளிச்சு நிக்குது."

நாற்பத்திரண்டாவது நிமிடம் அவருடைய தாளும் வந்தது.

சிவராசா இரண்டையும் வரி வரியாகப் பார்த்தார். யதுர்ஷிகாவின் தாளில் இரண்டு பிழை. கமலாட்சியின் தாளில் ஒன்றுமில்லை. ஆனால் பதினாறு பதினாறுதான், நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டுதான். சொன்ன சொல்லை இனி மாற்ற ஏலாது.

"ஒரு மாதமா வெள்ளென வந்து என்ன செய்தனீங்கள்?" குரல் அவருக்கே கடுமையாகக் கேட்டது.

"கூட்டித் துடைச்சனான்."

"அதுக்கோ திறப்பு வாங்கினனீங்கள்?"

"பழகின கை அண்ணை. வளையுதில்லை."

யதுர்ஷிகா எழுந்து வந்தாள். "அக்கா, நான்..."

"நீ இரு பிள்ளை. கதிரை உனக்கு உயரம் காணாது. கீழ இருக்கிற பிடியைத் திருப்பு, ஏறும்."

கமலாட்சி சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். திறப்பை மேசையில் வைத்தார். வாசலில் ஒரு கணம் நின்றார்.

"அண்ணை, அவள் பால் தேத்தண்ணிதான் குடிப்பாள். பிளேன்ரீ எடுப்பிச்சுக் குடுக்காதேங்கோ."

ஜவாஹிர் நானாவும் கடிதத்தை மடித்துக்கொண்டு போனார். பிழை திருத்திய பிள்ளையின் தாள்தான்.

பத்தரைக்குப் பழக்கத்தில் இரண்டு பிளேன்ரீ வந்தன. ஒன்றைச் சிவராசா குடித்தார். மற்றது ஆறிக் கிடந்தது.

பகல் முழுக்க அவருக்கு மனம் ஆறவில்லை. இந்த மனிசிக்காக நான் நேர்மை தவறி ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் மினக்கெட்டுப் பழக அவருக்கு ஏலவில்லை. இந்தக் கதிரை அவருக்கு அவ்வளவுதான். அந்தப் பத்தரை மணியும் அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு யதுர்ஷிகா ஓமந்தை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். கடையில் அவர் மட்டும்.

கமலாட்சியின் கணினியைக் கழற்றிப் பெட்டியில் போட நினைத்து, விசைப்பலகையைக் கையில் எடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எல்லா விசையும் வெறும் கறுப்பு. பழைய ஆங்கில எழுத்துகள் எப்போதோ தேய்ந்து போயிருந்தன. தமிழ் எழுத்து ஒன்றுகூட ஒட்டப்பட்டிருக்கவில்லை.

இந்த வெறும் விசைகளிலா அவர் குனிந்து குனிந்து எழுத்துத் தேடினார்? விரலுக்கு இடம் தெரியாமலா இதில் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் அடித்தார்?

விசைப்பலகை இருந்த இடத்தில் அந்த ஸ்டிக்கர் தாள் கிடந்தது. சிவராசா கதிரையில் இருந்து, விரல் வைத்து எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

பன்னிரண்டு. பதினெட்டு. ஒன்று.

உரிக்காமல் மிஞ்சியிருந்தவை முப்பத்தொன்று.