இடது கால் செருப்பு

போர்ட் பிளேருக்குக் குடிவந்தபின் மனைவி ஜோசலின், குழந்தையோடு முதல்முறை கடற்கரைக்குப் போன எபி, தாம்பரத்திலிருக்கும் அக்காவுக்கு வாய்ஸ் டைப்பிங்கில் மெசேஜ் அனுப்பினான்.

"அக்கா, அம்மா காலையிலேர்ந்து போன் எடுக்கல. இங்க அலையில ஒரு லேடீஸ் செருப்பு ஒதுங்குச்சு, இடது கால். உள்ள நெயில் பாலிஷ்ல 'ஜெ' போட்டிருக்கு. சர்ச் வாசல்ல மாறிடக்கூடாதுன்னு அம்மா போடுவாங்களே, அதே கையெழுத்து. பாலிஷ் இன்னும் காயல, விரல்ல ஒட்டுது. 'ஜெ-ன்னா உங்கம்மா ஜெயசீலி மட்டும்தானா'ன்னு ஜோசலின் சிரிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு. அம்மா வீட்டுக்குப் போய்ப் பாரேன்."

அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

"அம்மா கட்டில்ல நல்லா தூங்குறாங்கடா. வாசல்ல வலது செருப்பு மட்டும்தான் கிடக்கு. அவங்க இடது பாதம் முழுக்க ஈர மணல். எழுப்பட்டுமா, வேணாமா?"