மாமியார் தேடிய குற்றம்

"மருமகளோட தப்பைக் கண்டுபிடிக்க மாமியாரை விட்டா வேற ஆள் ஏது?"

மேனேஜர் சொல்ல, மொத்த ஆபீசும் சிரித்தது. மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒரே கம்பெனியில் மாமியாரும் மருமகளும் எஞ்சினீயர்கள். நாலு மூளை மாதிரி நாலு கோர் வைத்த புது சிப் இன்னும் தயாராகவில்லை, வரைபடம்தான் இருக்கிறது. அதைப் பார்த்து, சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டரைக் கம்ப்யூட்டரில் எழுதியவள் மருமகள். அதில் கம்பைலரை, அதாவது நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருளை, ஓட்டினால் முப்பது தடவைக்கு ஒரு தடவை பொத்தென்று விழுந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிடிபடாவிட்டாலும், தப்பு அவளுடையது என்று தெரிந்தாலும் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

காரணம் தேடும் வேலையை ஏற்ற மாமியார் அவள் மேஜையை விட்டு நகரவே இல்லை.

"அத்தை, சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாமே?"

"நீ போ. இன்னும் நூறு தடவை ஓட்டணும்."

"நேத்தே முந்நூறு ஓட்டினீங்க!"

"அது ஒரு கோர்ல. ஒரு தடவைகூட விழல. இப்ப நாலு கோரையும் சேர்த்து விடுறேன்."

நாற்பத்தோராவது தடவை விழுந்தது. மாமியார் முகத்தில் அப்படியொரு பிரகாசம்! மருமகள் எழுதிய நிரலை வரி வரியாகத் துருவ ஆரம்பித்தார். வீட்டில் அவள் கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரே, அதே பார்வை. வேலை போனாலும் போகட்டும், அது இவர் கையாலா போகவேண்டும் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"கெடச்சிருச்சு. ரெண்டு கோர் ஒரே நேரத்துல ஒரே இடத்துல எழுதினா, ஒண்ணு எழுதினது காணாமப் போயிடுது. கம்பைலர் அதனாலதான் விழுது."

"நான் அப்பவே சொல்லல? எமுலேட்டர்ல ஓட்டை!"

"வரைபடத்துல உள்ளதைத்தான் எமுலேட்டர் அச்சு அசலா செய்யுது. வரைபடமே தப்பு. சிப் வந்தாலும் இப்படித்தான் விழும்."

மேனேஜர் தயங்கினார். "அம்மா... அந்த வரைபடம் நீங்க போட்டதாச்சே?"

"ஆமா. முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றார் மாமியார், கண்ணாடியைத் துடைத்தபடி. "சும்மா சொன்னா, மருமகளைக் காப்பாத்தப் பழியைத் தன் மேல போட்டுக்கிறாங்கன்னு தள்ளிவிட்டுடுவீங்க. அதான், நிரூபிக்க நாலு நாள் ஆச்சு."